ஜெனிஃபாவின் ஆம்ப்பும் பிடிபடாத கரகரப்பும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் மெஷின்களின் சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்வது ஜெனிஃபாவின் வேலை. செத்த போர்டுக்கு அரைமணியில் உயிர் கொடுத்துவிடுவாள் என்று பெயர். அப்படிப்பட்டவளை, தன் கையாலேயே செய்த ஒரு கிட்டார் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், இரண்டு மாதம் அலைக்கழித்தது.

கணவர் நத்தானியேல் பள்ளி ஆசிரியர். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்காக அந்த வால்வு ஆம்ப்பைச் செய்தாள். கூட வேலை பார்க்கும் லியாகத் அலி, தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரேடியோவைக் கொடுத்திருந்தார். சூடேறினால்தான் வேலை செய்யும் அந்தக் கண்ணாடிக் குழல் வால்வுகள் அதில் இருந்தவை.

செய்து முடித்த முதல் ஞாயிறு மதியம் ஸ்விட்சைப் போட்டார்கள். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டது. நத்தானியேல் விடாமல் அரைமணி வாசித்தார்.

செவ்வாய் மாலை அதே பாட்டு, தொண்டை கட்டியவர் பாடுவது போல வந்தது. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை.

ஜெனிஃபாவுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அன்று சந்தேகப்பட்ட ஒரு கெப்பாசிட்டரை மாற்றினாள். சுத்தமாகக் கேட்டது. திங்களன்று மறுபடி கரகரப்பு. அடுத்த ஞாயிறு பற்றவைத்த இடங்களையெல்லாம் திரும்பப் பற்றவைத்தாள், சரியானது. புதன்கிழமை கெட்டது. ஸ்பீக்கரை மாற்றினாள், ஒயரை மாற்றினாள். எதை மாற்றினாலும் சரியாகிறது, எதுவும் நிற்பதில்லை. கம்பெனியில் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு நாள் வாய் தவறிவிட்டது.

"ஏங்க, நான் பாக்கும்போது நல்லாத்தான் இருக்கு. நீங்க தனியா வாசிச்சா மட்டும் கரகரங்குது. ரொம்ப அழுத்தி வாசிக்கிறீங்களா?"

"இருபது வருஷமா வாசிக்கிறேன் ஜெனி. இப்பதான் என் விரல் கெட்டுப்போச்சா?"

அவர் கிட்டாரை உறைக்குள் போட்டு மூடினார். வீட்டில் இரண்டு வாரம் அதைத் திறக்கவில்லை.

பக்ரீத் வியாழக்கிழமை வந்தது. பிரியாணி டப்பாவோடு வந்த லியாகத் அலி, "என் வால்வு இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதற்காக நத்தானியேல் வேண்டாவெறுப்பாகக் கிட்டாரை எடுத்தார். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது.

ஜெனிஃபா திகைத்தாள். இந்த முறை அவள் எதையும் தொடவே இல்லை. ஞாயிறும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு? இதுக்கா இவ்ளோ பேஜார்?" என்றார் லியாகத் அலி. "இன்னிக்கு கம்பெனிங்க லீவு. எங்க வீட்டு மிக்சி கூட சும்மா பறக்குது."

ஜெனிஃபா எழுந்து போய் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து பிளக்கில் வைத்தாள். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். மறுநாள் மாலை, கம்பெனிகள் ஓடும் நேரத்தில், அதே பிளக்கில் நூற்றெண்பத்து நான்கு.

இதுவரை அவள் மாற்றிய எதனாலும் அது சரியாகியிருக்கவில்லை. ஞாயிறு வந்ததால் சரியாகியிருந்தது. கம்பெனிகள் ஓடி கரண்டு குறையும் நாட்களில் பழைய வால்வுக்குப் போதுமான சூடு ஏறவில்லை, அதுதான் கரகரப்பு.

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தாள். வாரநாளிலும் சுத்தமாகக் கேட்டது. பிறகு சென்னையிலிருந்து ஒரு புது வால்வு வரவழைத்து மாட்டி, ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் கரகரப்பு அநேகமாக இல்லை. அப்படியானால் குற்றம் கரண்டு மேலா, வால்வு மேலா? அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டெபிலைசர், புது வால்வு இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"உங்க விரல் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க," என்றாள் அன்று மாலை.

நத்தானியேல் சிரித்துவிட்டார். "நானே பாதி நம்பிட்டேன். இந்த ரெண்டு வாரமா ஸ்கூல் கிட்டார வெச்சிக்கினு, லஞ்ச் நேரத்துல விரல் பயிற்சி பண்ணேன்."