ஆறரைக் கிலோ

பையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு கைப்பிடியில் இரண்டே விரலை நுழைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, கண்ணை மூடிக்கொள்வார். "ஏழு நானூறு" என்பார். அதற்கப்புறம்தான் தராசின் கொக்கியில் மாட்டுவது. முள் ஆடி ஆடி, போக்கு வேறில்லை என்பதுபோல் ஏழு நானூறில் வந்து நிற்கும். "கை சொல்லும், முள் ஒத்துக்கும். அவ்வளவுதான் வித்தை" என்பார்.

என் நாத்தனாரின் கணவர். எனக்கு அண்ணன் முறை. குடியிருப்பில் மற்ற எல்லாருக்கும் கிலோக்காரர். முப்பத்திரண்டு வருஷம் லாரி பார்சல் ஆபீசில் எடை போட்டவர். ஓய்வு பெற்ற அன்று என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கழித்துப் போட்ட முள் தராசு ஒன்றையும், இருநூறு கிராம் பித்தளை எடைக்கல் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். மலிவு விமானங்கள் வந்தபிறகுதான் அந்தத் தராசுக்கு மறுபிறவி. டிக்கெட் சல்லிசு, ஆனால் கையில் ஏழு கிலோதான். ஒரு பிடி கூடினாலும் ஏறுகிற வாசலில் நிறுத்தி, டிக்கெட் விலைக்கு மேலேயே கேட்பார்களாம். ஆகவே யார் பறப்பதானாலும் முந்தின நாள் அவர் கதவைத் தட்டிவிடுவார்கள்.

மாடி வீட்டு நர்ஸ் ஒருமுறை பையோடு வந்து நின்றாள். "ஏழுக்குள்ள வந்துடுமா அண்ணே?"

"வரும். அந்தச் செருப்பைக் கால்ல போட்டுக்கோ. அந்தக் குண்டு ஸ்வெட்டரை உடம்புல போட்டுக்கோ."

"வெந்துடுவேனே!"

"விமானத்துல ஏறினதும் கழட்டிக்கோ. ஆளு தொண்ணூறு கிலோ இருந்தா ஒரு வார்த்தை கேக்கமாட்டான். பையில தொண்ணூறு கிராம் கூடினா ஊரைக் கூட்டுவான். அதனால கனத்தையெல்லாம் ஆள் மேல ஏத்து."

இப்படிச் சொல்கிறாரே என்று ஏமாற்றுக்காரர் என எண்ணிவிடக் கூடாது. எடை விஷயத்தில் அவர் நெருப்பு. அவருக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் மாமனார், அதாவது அண்ணியைப் பெற்றவர், பாத்திர மூட்டை ஒன்றை அனுப்ப பார்சல் ஆபீசுக்குப் போனார். மருமகன்தானே என்று நினைத்தவரிடம் நாலு கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்டார் இவர். "மாமனார் மரியாதை வீட்டுல. தராசுக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல" என்றாராம். மாமனார் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என் கல்யாணத்துப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்தபின்தான் வழிக்கு வந்தார்.

அவருக்கு ஒரே பெண். கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை, எந்தத் தேதியில் டிக்கெட் மலிவோ அந்தத் தேதியில் வருவாள். அவள் திரும்பும்போதெல்லாம் வீட்டில் ஒரு திருட்டு நடக்கும். இவர் எடை போட்டு மூடிய பையை அண்ணி சத்தமில்லாமல் திறந்து, ஏதாவது ஒன்றைச் சொருகிவிடுவாள். ஒரு வருஷம் தேன் புட்டியும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும். விமான நிலையத்தில் தேனைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார்கள். வாசலில் எடை கூடியது. கட்டப் பணம் போதாமல் காலுறையையும் அதே வழியில் போட்டுவிட்டு ஏறினாள். போனில் அதைச் சொல்லி அவள் அழ, அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து ஏழு கிலோ ஆறரை ஆயிற்று. "கம்பெனிக்காரன் குறைச்சுட்டான்" என்று மனைவியிடம் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்: "உன் அண்ணி கைக்கு அரைக் கிலோ ஒதுக்கி வச்சிருக்கேன். மூச்சு விட்டுடாதே."

அண்ணிக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் என் காதில் வந்து சிரிப்பாள். "முப்பது வருஷ சர்வீசாம் உங்க அண்ணனுக்கு! என் கையை அவரால எடை போட முடியல பாத்தியா!"

அந்தக் கை எட்டு மாதத்துக்கு முன் விழுந்துவிட்டது. வலது கை, வலது கால். பேச்சும் கொஞ்சம் குழறும். ஜன்னலோரத்து நாற்காலியில்தான் பகல் முழுதும். இந்தமுறை பெண் வந்து ஒன்பது நாள் இருந்தாள். வந்த மறுநாளே அண்ணி என்னை அழைத்து ஐந்து சோப்பு வாங்கிவரச் சொன்னாள். பெண் சின்ன வயசிலிருந்து தேய்த்துக் குளித்த அந்த மஞ்சள் சோப்பு. அதையெல்லாம் ஒரு பழைய துண்டில் சுற்றி, மடிமேல் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் பை உள்ளறைக் கட்டிலில். அவளால் எழுந்து போக முடியாது. "நான் வச்சுடட்டுமா அண்ணி?" என்றேன்.

வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "நீ வச்சா... அது உன் சாமான்."

பெண்ணும் ஒன்று கேட்டிருந்தாள். அந்தப் பித்தளை எடைக்கல். குழந்தையில் அதைக் கையில் இறுக்கிக்கொண்டுதான் தூங்குவாள். "ஆபீஸ் மேசை மேல வச்சுக்கிறேன்பா. உங்களைப் பாத்த மாதிரி இருக்கும்."

"கல்லு மாதிரி ஆளுன்னு சொல்றியா?" என்று கேட்டாரே தவிர, மனுஷனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, காகிதத்தில் சுற்றிப் பையின் பக்க அறையில் அவரே வைத்தார். அதையும் சேர்த்து ஆறரை. "மூடு. போதும்" என்றார்.

கிளம்புகிற நேரம். பெண் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, கோட்டுப் பைகளெல்லாம் புடைக்க நின்றாள். "கீழே போய் டாக்ஸி வந்தாச்சான்னு பாரும்மா" என்று அவளை அனுப்பினார். பிறகு பையை எடுத்து வந்து அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலிமேல் வைத்து, ஜிப்பைத் திறந்தார். "இந்த ஜிப்பு சிக்குது. கொஞ்சம் பிடிச்சுக்கோ. நான் வண்டியைப் பாக்கறேன்." அந்த ஜிப் ஒருநாளும் சிக்கியதில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சிவப்பு வண்டி ஒண்ணு வருது... நம்மது இல்ல. வெள்ளை... அதுவும் இல்ல."

முதுகுக்குப் பின்னால் போர்வை விலகியது. சோப்பு வாசனை அறையெங்கும் பரவிற்று. அவர் மூக்கு அப்படியொன்றும் மந்தமில்லை. அண்ணியின் இடது கை துண்டை இழுத்தது. முடிச்சு நழுவி, ஒரு சோப்பு தரையில் டொக்கென்று விழுந்தது. அண்ணி விறைத்துப்போனாள்.

"இந்த டாக்ஸிக்காரன் இப்போதைக்கு வரமாட்டான்" என்றார் அவர், திரும்பாமலே. "யாரும் அவசரப்பட வேணாம்."

நான் குனிந்து எடுத்து, பையில் போடாமல், அண்ணியின் உள்ளங்கையில் வைத்தேன். அவளே வைத்தாள். ஜிப் பாதி வழியில் நின்று, மறுபடி நகர்ந்து, மூடிய சத்தம் கேட்டபிறகுதான் அவர் இருமிவிட்டுத் திரும்பினார்.

"அப்பா, வண்டி வந்து பத்து நிமிஷமாச்சு! டிரைவர் திட்டறார்!" மூச்சு வாங்க வந்து நின்றாள் பெண்.

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டு விரலால் தூக்கிக் கண்ணை மூடினார். எதுவும் சொல்லவில்லை. கொக்கியில் மாட்டியபோது முள் ஏழு இருநூறில் நின்றதை நான் பார்த்தேன்.

"எவ்வளவுப்பா?"

"இரு."

அண்ணி போர்வை நுனியை விரலில் முறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் அவள் கன்னத்தோடு கன்னம் வைக்கக் குனிந்தாள். அந்த நேரத்தில் அவர் பக்க அறையைத் திறந்து, காகிதச் சுருள் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முள் ஏழுக்கு இறங்கியது.

"ஆறரை. சரியா இருக்கு. கிளம்பு."

அண்ணி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். சட்டையின் இடதுபக்கம் கனத்தில் கீழே இழுத்தது. பெண் திரும்பிப் பார்த்தபோதெல்லாம், நெஞ்சு அடைக்கிறவர் போல, அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.