ஊறுகாய் பாட்டிலில் வள்ளத்து எழுத்து

குழித்துறையில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் டிசைன் மேசையில் உட்கார்ந்துதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, அஞ்சலி போஸ்டர், திருவிழா நோட்டீஸ் என்று செய்யாத வேலை இல்லை. எந்த ஃபான்ட் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைக்காரர் ஃபான்ட்களையும் சும்மா காப்பி போட்டுத் தந்துவிடுவார். அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பும் முன் எழுத்தை ‘கர்வ்’ ஆக்கிவிடுவோம். அப்புறம் அது எழுத்து இல்லை, வெறும் படம், யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு.

அந்த வேதவாக்கு நெத்திலி ஊறுகாயில் உடைந்தது. தேங்காய்ப்பட்டணத்துப் பெண்கள் குழு ஒன்றுக்கு முதல்முறையாக வளைகுடாவிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. லேபிள் என் வேலை. வாங்குகிற கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்க்கிற நவாஸும் அதே ஊர்க்காரர்தான். லேபிளைப் பார்த்துவிட்டு ஃபோனில் கூப்பிட்டார்.

“அக்கா, இந்த எழுத்துக்கு லைசன்ஸ் உண்டா?”

“கர்வ் பண்ணியாச்சு தம்பி. இப்ப அது படம்லா?”

“எழுத்துக்க வடிவத்துக்கு உரிமை உண்டா இல்லியான்னு ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு சட்டம். அத விடுங்க. ஃபான்ட் ஃபைல் சாஃப்ட்வேராக்கும். அத லைசன்ஸ் இல்லாம வச்சு செஞ்சா, படமானாலும் கேள்வி வரும். எங்க லீகல் செக்‌ஷன்ல கண்டா ஆர்டரே போவும். நான் இன்னும் மேல அனுப்பல்ல. ஒரு வாரம் பிடிச்சு வைக்கேன், மாத்தித் தாங்க.”

ரிஜெக்ட் என்று ஒரு வரி போட்டிருந்தால் அவருக்கு வேலை மிச்சம். அந்தப் பெண்களுக்காகக் காத்திருந்தார். அந்த ஒரு வாரத்துக்கு நான் அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டவள்.

இலவச உரிமத்தோடு கிடைக்கிற சில ஃபான்ட்களைப் போட்டுக் காட்டினேன். குழுத் தலைவி ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினாள். “இது ரேஷன் கட போர்டு மாதிரி இருக்கு. எங்க வள்ளத்துல எழுதியிருக்கது போல கிட்டாதா?”

வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற சூசையண்ணனை ஹார்பரில் போய்ப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் எழுதித் தந்தார். ஸ்டெல்லாவுக்கு வாயெல்லாம் பல். என் முதலாளிக்குத்தான் போதவில்லை.

“எழுத்து முழுசும் நமக்குன்னு எழுதி வாங்கு. நாளைக்கு வேற லேபிளுக்கும் போடலாம்லா?”

அப்படியே டைப் செய்து கொண்டுபோய் நீட்டினேன். சூசையண்ணன் நிதானமாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

“இதுல ஒப்பு போட்டா, பின்ன எனக்க எழுத்த நான் வள்ளத்துல எழுதப்படாதா?”

தாளை மறுபடி படித்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது. அந்த மனிதருடைய சோற்றை அவரிடமிருந்தே எழுதி வாங்கப் பார்த்திருக்கிறோம். அங்கேயே உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன்: அனுமதி இந்த ஊறுகாய் லேபிளுக்கு மட்டும். எழுத்து சூசையண்ணனுடையது. அவர் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். வாசித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

“நீ எனக்க ஆளா, அவனுக்க ஆளா?” என்று முதலாளி கடுகடுத்தார். அனுமதித் தாளைப் பார்த்த நவாஸ், “இது போரும் அக்கா” என்றார். பாட்டில்கள் கப்பல் ஏறின.

டிசைன் படிக்கிற பிள்ளைகளே, ஒரு எழுத்தை எடுக்கும் முன் இது யாருடையது, எதற்கு மட்டும் தந்திருக்கிறார் என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் வந்தது நவாஸாலும் சூசையண்ணனாலும்தான். இருவரும் நன்றாக இருக்கட்டும்.

பிறகொரு நாள் ஹார்பருக்குப் போயிருந்தேன். சூசையண்ணன் புது வள்ளம் ஒன்றுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வள்ளத்துக்காரன் சந்தேகத்தோடு பக்கத்தில் நின்றான்.

“அண்ணே, இது அந்த ஊறுகாய் பாட்டில்ல உள்ள எழுத்துல்லா? கேஸு வராதா?”

சூசையண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கேஸு போடணும்னா நான்தாம்ல போடணும். தள்ளி நில்லு, பெயின்டு காயல்ல.”