கங்கையம்மாள் குளிப்பாட்டிய பூனைக்குட்டி

பிள்ளையார்பாளையத்தில் இன்று மீசை முளைத்துத் திரிகிற பையன்களில் பாதிப்பேருக்கு முதல் தண்ணீர் ஊற்றியவள் கங்கையம்மாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போகும். அவள் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் விளாவி ஊற்றி, சாம்பிராணி காட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் விடும்போது அது தூங்கிப்போயிருக்கும். ராசியான கை என்று ஊரெல்லாம் பேர். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றப் போய் முதுகு ஒடிந்து செத்த பிறகு, தாவீது என்கிற ஒரே மகனை இந்தக் கையை வைத்துத்தான் அவள் ஆளாக்கினாள். அவன் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான்.

எங்கள் ஊர்க்காரர்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு நிம்மதியாக டிவி பார்ப்பார்கள். வேலை முடிந்து காப்பி கொடுக்கும்போது மட்டும் அவளுக்குக் காகிதக் கப்பு வரும். அவள் காலனிக்காரி என்பது காப்பி நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வரும் போலிருக்கிறது. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "வுடு மகா, டம்ளர் கழுவுற வேல மிச்சம்" என்பாள்.

நான் மஹாலட்சுமி. பிளவுஸ் தைக்கிறேன். காலை வேலை முடிந்ததும் அவள் என் கடைக்கு வந்து, என் டம்ளரில், என்னோடு டீ குடிப்பாள். எங்கள் பழக்கம் அப்படி வளர்ந்ததுதான்.

ஓரிக்கைப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றில் சந்தியா என்ற பெண் இருந்தாள். புருஷன் வசந்துக்குக் கார் கம்பெனியில் வேலை. மாமியார் பெரியநாயகி. சந்தியா உண்டானதும் வளைகாப்புக்கு நான்தான் பிளவுஸ் தைத்தேன். கங்கையம்மாளிடம் அப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். அவளும் அந்தக் குழந்தைக்கென்று பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருந்தாள். குழந்தை அழாமலே பிறந்தது. அதற்கு உயிர் இல்லை. வர வேண்டாம் என்று வசந்த் போன் செய்து சொன்னான்.

ஆனாலும் கங்கையம்மாள் போனாள். பிள்ளை போனாலும் தாய்க்குப் பால் சுரக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நெஞ்சு கல்லாகிக் கிடந்த சந்தியாவுக்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டிவிட்டு வந்தாள். அப்படிக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வற்றியது. சந்தியாவும் அப்படியே வற்றிக் கட்டிலில் கிடந்தாள். குளிப்பதில்லை, தலை வாருவதில்லை. பேசினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாளாம்.

யாரோ சொன்னார்கள் என்று வசந்த் பெங்களூர் போய் ஒரு பூனைக்குட்டியை வாங்கிவந்தான். உடம்பில் ஒரு முடி கிடையாது. மீசை கூட இல்லை. சுருக்கம் விழுந்த இளஞ்சிவப்புத் தோல், முகத்தைவிடப் பெரிய காது. பெரியநாயகி வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள். "காசு குடுத்து இந்தக் கண்றாவிய வாங்கிக்கினு வந்துக்கிறானே, முடி வெச்ச பூன ஊர்ல சும்மாவே கெடைக்கிதே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். ஆனால் அந்தக் கண்றாவி குளிரில் நடுங்கிக்கொண்டு கத்தியபோது, சந்தியா எழுந்து வந்து அதைத் தூக்கித் தன் நைட்டிக்குள் விட்டுக்கொண்டாள்.

அந்த ஜாதிப் பூனைக்கு வாரம் ஒரு முறை குளியல் வேண்டும். முடி இல்லாததால் உடம்பில் கசிகிற எண்ணெய் தோலிலேயே பிசுக்காகத் தங்கிவிடும். காதில் அழுக்கு சேரும். தலையணை உறையெல்லாம் பழுப்பாகக் கறை படியும். சந்தியா தண்ணீரில் விட்டாள். ஈரக்குட்டி கையில் வழுக்கியதும் பயந்துபோய்க் கங்கையம்மாளுக்குப் போன் செய்தாள்.

கங்கையம்மாள் என் கடையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் கடுகடு என்று இருந்தது.

"புள்ள குளிப்பாட்டுற கையி மகா இது. பூனைக்கி தண்ணி ஊத்தணுமாம்."

"முடியாதுன்னு சொல்லிடுக்கா. அவங்க வூட்டுப் பணத் திமிரு அவங்களோட."

"அந்தப் பொண்ணு கேட்டாளே, அந்தக் கொரலு. எப்டிமா முடியாதுன்றது?"

போனாள். அடுத்த வாரமும் போனாள். குட்டியைக் குழந்தையைப் போலவே காலில் குப்புறப் போட்டுத்தான் தண்ணீர் ஊற்றினாள். முதல் சொம்புக்கு ஊரைக் கூட்டிய குட்டி, மூன்றாவது சொம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டது. தொட்டால் உடம்பு சுடுகிறதே, காய்ச்சலோ என்று அவள் பதறியிருக்கிறாள். அதன் சூடே அவ்வளவுதான் என்று சந்தியா செல்லில் படித்துக் காட்டினாள். எண்ணெய் வைக்கக் கூடாது, இந்த ஷாம்புதான், வெயில் நேராகப் படக் கூடாது, இப்படி ஆயிரம் சட்டம். "செல்லுதான் இதுக்கு மாமியாரு" என்று கங்கையம்மாள் சொன்னதற்குச் சந்தியா சிரித்தாளாம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது இவள் கண் கலங்கியது.

குட்டிக்குச் சட்டை தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் பிளவுஸ் துண்டில் புதுத் துணி எடுத்துப் போனேன். "பச்ச ஒடம்புக்குப் புதுத் துணி ஆவாது, கஞ்சி குத்தும்" என்று கங்கையம்மாள் அதைத் தள்ளிவிட்டு, முன்பு மடித்து வைத்திருந்த அந்த வேட்டியையே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அது எதற்காகத் துவைத்தது என்று சந்தியாவுக்கும் தெரியும். நான் அளவு எடுத்தேன்.

குட்டிக்குக் கோழிக்கறி வேகவைக்க சந்தியா அடுப்படிக்கு வந்தாள். பிறகு தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். மத்தியானம் குட்டி அவள் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கும். "மொட்ட, எழுந்துருடா, அம்மாக்கு வலிக்கும்" என்று கங்கையம்மாள் அதட்டுவாள். வேண்டாம், இருக்கட்டும் என்பாள் சந்தியா. இந்தக் குட்டிக்கு ஒன்று ஆனால் இந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியநாயகி கூட அதன் பால் கிண்ணத்தைக் காலில் படாமல் ஒதுக்கி வைக்கப் பழகிவிட்டாள்.

மார்கழியில் நாலு நாள் அடைமழை. அந்த மழையில்தான் சந்தியா, அம்மா வீட்டுக்குத் திருமுக்கூடல் போய்வருகிறேன் என்று தானாகச் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் வாசல் தாண்டுவது அதுதான் முதல் தடவை. வசந்தும் பெரியநாயகியும் சந்தோஷத்தில் கூடவே கிளம்பிவிட்டார்கள். கங்கையம்மாளை வரவழைத்துக் குட்டியைத் தங்கள் வீட்டிலேயே அவளிடம் விட்டார்கள்.

"ஒண்ணும் செய்ய வேணாம் கங்கம்மா. சாப்பாடு போடுங்க, மடியில வெச்சிக்கோங்க. சாயந்தரம் வந்துடுவேன்."

"நீ போயிட்டு வா கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் குட்டி தும்ம ஆரம்பித்தது. மூக்கு ஒழுகியது. சாப்பாட்டைத் தொடவில்லை, சுருண்டுகொண்டது. சந்தியாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் அந்தப் பெண் பாதி வழியில் திரும்பி ஓடிவருவாளே என்று இவள் செய்யவில்லை. நெஞ்சில் சளி கட்டிய பச்சைக் குழந்தைக்கு என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பூஜை மாடத்திலிருந்து கற்பூரம் எடுத்து நுணுக்கி, தேங்காய் எண்ணெயில் போட்டுக் கரண்டியில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் குட்டியின் நெஞ்சிலும் முதுகிலும் நன்றாகத் தேய்த்தாள். எங்கள் வீடுகளில் செய்யாதவர்கள் யார்? என் பிள்ளைகள் இரண்டுக்கும் அவளே தேய்த்திருக்கிறாள். அவள் நினைத்துப் பார்க்காதது ஒன்றுதான். குழந்தை தன் உடம்பை நக்காது, பூனை நக்கும்.

துணியில் சுற்றியிருந்த குட்டி வெளியே வந்து உடம்பு முழுவதையும் நக்கித் துடைத்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை. எழுந்து நடக்கப் போய் விழுந்தது. கால்கள் நாலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஜன்னி கண்டுவிட்டது என்று பதறிப்போன கங்கையம்மாள், கரண்டியில் மிச்சமிருந்த எண்ணெயைச் சூடு பண்ணி அதன் உள்ளங்காலிலும் தேய்த்தாள். அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்தாள்.

நான் போனபோது வீடெல்லாம் கற்பூர வாசனை. அப்போதும் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து மழையில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் குட்டியை மேஜையில் போட்டுக் குனிந்ததுமே மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா தடவுனீங்க?"

"கற்பூர எண்ண சார். சளின்னு."

"பூனைக்கு அது விஷம்மா. தோல் வழியாவே ஏறும். இது நக்க வேற செஞ்சிருக்கு."

ஊசி போட்டார். என்னமோ குழாய் வைத்தார். கங்கையம்மாள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பச்சப் புள்ளைங்களுக்கே தடவுறதுதான சார்?" என்றாள். அவர் நிமிராமலே பதில் சொன்னார். "கொழந்தைங்களுக்கும் கூடாதும்மா. அதுங்களுக்கும் இதே மாதிரி ஃபிட்ஸ் வரும்." சொல்லிவிட்டுக் குட்டியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

சந்தியா வந்தபோது குட்டி உயிரில்லாமல் வேட்டித் துணிச் சட்டையோடு கங்கையம்மாள் மடியில் கிடந்தது. கங்கையம்மாளே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியநாயகி வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். வசந்த் அம்மாவை உள்ளே இழுத்துப் போனான். சந்தியா குனிந்து மோந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எம் புள்ள பொழச்சி வந்திருந்தா, அதுக்கும் சளி புடிச்சா இதத்தான் தடவி இருப்பீங்களா கங்கம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆமாம்மா" என்றாள் கங்கையம்மாள்.

சந்தியா குட்டியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழையபடி கட்டில்தான். வேலூர் வரை டாக்டர்களிடம் காட்டுகிறார்கள். ஒன்றும் பிரயோஜனம் இல்லை என்று வசந்த் சொன்னான்.

கங்கையம்மாள் என் கடைக்கு வந்தாள், டீயைத் தொடவில்லை. பூனை உடம்பு வேறு, மனுஷ உடம்பு வேறு, டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்று நான் வாய் ஓயாமல் பேசினேன். அவள் கேட்கவே இல்லை. திடீரென்று, "திருப்புட்குழியில கலியன் பொண்ணு அனு இருக்குதே, அதோட மொதப் புள்ள" என்றாள்.

அந்தக் குழந்தை நெஞ்சுச் சளியில் ஜன்னி கண்டு செத்தது எனக்கும் தெரியும். ரொம்ப வருஷம் ஆயிற்று.

"நான்தான் தடவுனேன். இழுக்க ஆரம்பிச்சதும் பாதத்துலயும் தடவுனேன். ஜன்னின்னு நான்தான் சொன்னேன் மகா. ராவும் பகலும் கூட இருந்து பாத்துக்கினேன்னு எனக்குப் பொடவ எடுத்துக் குடுத்தாங்க."

அது இதனால்தான் என்று யார் கண்டது, என்றேன். அவள், அனுவிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள். பைத்தியமா உனக்கு, செத்த பிள்ளையைத் தோண்டி எடுக்கிறாயா, அந்தப் பெண்ணுக்கு இப்போது இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது, அதைக் கெடுக்காதே என்று திட்டினேன். காதில் வாங்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவளைப் பார்த்து நானே தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். அவளே சொன்னாள்.

"வாங்கம்மான்னு கூப்டு ஒக்கார வெச்சிது மகா. புள்ளைக்கி ரெண்டு நாளா சளியாம். 'நீங்க சொல்லிக் குடுத்த எண்ணதான், இப்பதான் தடவுனேன்'னு புள்ளைய எம் மடியில போட்டுச்சி. குப்புனு அதே வாசன. முந்தானைய நனச்சிப் புள்ளைய தொடச்சேன். அழுவுது, வுடாம தொடச்சேன். ஏம்மா, ஏம்மான்னு அனு கேக்குது. சொன்னேன். அப்பவும் அதுக்குப் புரியல. மூத்ததுக்கும் இதான் தடவுனேன் கண்ணுன்னேன்."

"அப்புறம்?"

"புள்ளைய எம் மடியிலருந்து எடுத்துக்கினு உள்ள போச்சி. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். வெளிய வரவே இல்ல."