பெரியபட்டினத்தில் நாங்கள் போட்ட சத்தம்

இது நடந்தது. என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது. சொல்ல ஆரம்பித்தால் இன்றும் பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்து நிற்கிறது.

2008 ஜனவரி. இராமநாதபுரத்தில், மாடியில் ஒரு சின்னப் பங்குச்சந்தை அலுவலகம். முதலாளி பூமிநாதன் சார். கம்ப்யூட்டரில் ஆர்டர் போட நானும் கபீரும். அவன் பெரியபட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவான். ஆள் கை வைக்காமல் தானே வாங்கி விற்கும் ஒரு புரோகிராமை எழுதியவனும் அவன்தான்.

அன்று கபீர் வரவில்லை. பஸ் தாமதம் போல என்று நானே அவன் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓடவிட்டேன்.

சந்தை திறந்ததும் சரிந்தது. பதினோரு மணிவாக்கில் விலை இன்னும் விழ விழ, புரோகிராம் வாங்கித் தள்ளியது. நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். நிற்கவில்லை. திரையில் நீல வரிகள் கொட்டிக்கொண்டே இருந்தன. அத்தனையும் வாடிக்கையாளர்கள் கணக்கில்.

"நிப்பாட்டு சேது. அம்புட்டுப் பேரும் நம்மள நம்பியிருக்காங்க," என்றார் சார்.

கபீருக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தான். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"அக்கா, நெட் வயரப் புடுங்குங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் குரல்தான். ஆனால் ரொம்பத் தூரத்தில் இருந்தது...

பிடுங்கினேன். திரை உறைந்தது. மணி 11.10.

அப்புறம் கேட்டது.

டக். டக். டக்.

கபீரின் இடம். நாற்காலி காலி. கீபோர்டில் இரண்டு கட்டைகள் மட்டும் மாறி மாறி அமுங்கின.

உறைந்த திரையில் சிவப்பு வரி. விற்பனை.

இன்னொன்று.

இன்னொன்று...

வயர் என் கையில் இருந்தது.

11.40. சத்தம் நின்றது. வாங்கியதெல்லாம் விற்று முடிந்திருந்தது.

சார் முகம் வெளுத்துப்போயிருந்தது. பயத்தைக் கோபமாக்கிக்கொள்ள எங்களுக்கு நேரம் ஆகவில்லை.

"எங்கயோ உக்காந்துக்கிட்டு நம்ம மெஷின ஆட்டுறான். வா, அவன் வீட்டுக்கே போவோம்."

காரில் போனோம். வாசலில் இறங்கியதுமே சார் கத்தினார். "ஏலே கபீர், வெளிய வாடா. களவாணிப் பயலே."

நானும் கத்தினேன். "எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு உள்ள என்ன பண்ற?"

வாசலில் கூடியிருந்த தொப்பி போட்ட ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான், கதவோரம் சாத்தியிருந்த சந்தூக்கைப் பார்த்தேன். இறந்தவர் உடலைத் தூக்கிப்போகும் பெட்டி.

"துக்கம் கேக்க வந்தோம்," என்றார் சார், தரையைப் பார்த்தபடி. ஒரு பெரியவர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எங்களைத் திட்டியிருக்கலாம்.

சார் போன் அடித்தது. மதுரையிலிருக்கும் எங்கள் தலைமை ஆபீஸ். காதில் வைத்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "நல்ல வேளை வித்தீங்களாம். அதுக்கப்புறம் சந்தை படுத்துருச்சாம்."

வீட்டுக்குள் போனேன். கபீரின் தங்கை காலிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடியக்காலம் சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே கபீர் காக்கா மௌத்தாயிட்டாக. நெஞ்சு வலியில உசுரு போயிருச்சு."

"போன்...?"

"ராத்திரியே அணைச்சு வச்சாக. எங்கிட்டதான் இருக்கு."

பிறகு என் காதருகே வந்தாள்.

"பதினோரு மணிவாக்குல மையத்தக் குளிப்பாட்டையில காக்கா விரல் ரெண்டு மட்டும் நிக்காம அசைஞ்சுச்சாம். டாக்டரக் கூட்டியாந்து பாத்தாக. உசுரு இல்லைன்னுட்டாரு. அரை மணி நேரங் கழிச்சுத்தான் நின்னுச்சாம். வாப்பா சொல்லிச் சொல்லி அழுவுறாக. கூட வேல பாத்தவுக நீங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.