ஆறு கிலோமீட்டர்

ஊரில் யார் நனைந்தாலும் திட்டு விழுவது மழைக்காரருக்குத்தான். துணி காயவில்லையா, அவர் தலை உருளும். ஒரு வாரமாக வெயில் வாட்டுகிறதா, அதற்கும் அவர்தான். உண்மையில் அவர் மழையை வரவழைப்பவரும் இல்லை, வரும் என்று சொல்பவரும் இல்லை. சின்ன விமான நிலையம் ஒன்றின் மொட்டை மாடியில் நின்று, வானம் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது மட்டுமே அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்தார். இந்த வித்தியாசத்தை விளக்கி விளக்கி அலுத்துப்போய், திட்டை வாங்கிக்கொள்வதே சுலபம் என்று விட்டுவிட்டார்.

கேள்வி கேட்டால் மட்டும் மனிதர் மலர்ந்துவிடுவார். நட்சத்திரம் ஏன் கண் சிமிட்டுகிறது, விடியும் நேரத்தில் ஏன் குளிர் கூடுகிறது என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். முடிவெட்டுபவர் ஒருமுறை, "சூரியன் வந்தப்புறமும் ஏன் சார் சில நாள் மூடுபனி இன்னும் கெட்டியாகுது?" என்று கேட்டுவிட்டார். பாதி வெட்டிய தலையோடு கால் மணி நேரம் பாடம் நடந்தது. வெயிலின் முதல் சூட்டில் தரையோரக் காற்று அசைந்து, அடியில் கிடந்த ஈரத்தைக் கிளறி மேலே தூக்கிவிடுமாம். காத்திருந்த மூன்று பேர் எழுந்து வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

மாடிச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கொடிக்கம்பம் நானூறு மீட்டர். பள்ளிக்கூடத்து மணிக்கூண்டு ஒரு கிலோமீட்டர். தண்ணீர்த் தொட்டி இரண்டரை, ஆலைப் புகைபோக்கி நாலு, கல் உடைக்கும் குன்று ஆறு. இதில் கடைசியாக எது தெரிகிறதோ அதுதான் அந்த நேரத்து எண். அங்கே இதற்கு வேறு கருவி கிடையாது. கண்தான் கருவி.

அந்தக் கருவி பழுதாகிவிட்டது என்பது அவருக்குப் போன வருஷம் ஒரு சாயங்காலம் தெரிந்தது. குடியிருப்பின் மாடியில் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே முழு நிலா ஏறியிருந்தது.

"நிலாவைச் சுத்தி வளையம் பாரு, கலர் கலரா. மேல மேகம் பூரா ஐஸ் துகளா இருக்கு."

"எங்கங்க வளையம்? நிலா பளிச்சுனு இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன்."

மழைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கினார். இது அவர் பாதி ஊருக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை. கையை நீட்டி, கட்டை விரலால் நிலாவை மறைக்க வேண்டும். வளையம் வானத்தில் இருந்தால், நிலா மறைந்த பிறகும் ஒரு சாண் தள்ளி அது அப்படியே நிற்கும். அவர் மறைத்தார். நிலாவோடு வளையமும் போய்விட்டது. விரலை எடுத்தார், வந்தது. மறுபடி மறைத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு திரும்பித் தெருவிளக்கைப் பார்த்தார். அதைச் சுற்றியும் அதே வளையம் இருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி, தோளில் துணிகளோடு.

"வளையம் வானத்துல இல்ல. என் கண்ணுல இருக்கு."

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஆபீஸில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். மழைக்காரர் சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் போனது. கடைசி ஒன்பது வருஷம் அப்பா வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருப்பவர்கள் கொஞ்ச நாளில் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள். பதில் சொல்லாமல் போனவர்களில் மழைக்காரரும் ஒருவர். அடுத்து அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"சொல்லிடுங்க. பாத்துக்கலாம்," என்பாள் மனைவி.

"என்னத்தைப் பாத்துக்கறது? எனக்குப் பாக்கறதைத் தவிர வேற என்ன வேலை தெரியும்?"

அவள் சொட்டு மருந்தை எடுத்துவந்து அவர் தலையைச் சாய்த்து விடுவாள்.

அதன்பிறகு அவர் வேலையைப் பூசி மெழுகி ஓட்டினார். காலையில் மாடி பெருக்க ஓர் அக்கா வருவாள். அவளிடம் விளையாட்டுப் போல, "எங்க, இன்னிக்கு உன் கண்ணுக்கு எதுவரைக்கும் தெரியுது, பாக்கலாம்," என்பார். "தினமும் என்ன சார் எனக்குப் பரீட்சை? குன்று வரைக்கும் தெரியுது," என்பாள் அவள். அவர் ஆறு என்று எழுதிக்கொள்வார். மேகத்தையும் அவள் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவார். கடைசி இரண்டு வாரமாக அவருக்குக் காலை முதல் ஒரு மணி நேரம் எல்லாமே வெள்ளையாகத்தான் இருந்தது. அவளோ தினமும் குன்று தெரிகிறது என்றாள். வெள்ளை என்றால் என் கண், ஊர் தெளிவாகத்தான் இருக்கிறது என்று அவருக்கு மனதில் பதிந்துபோனது.

அன்றைக்கு அக்கா வரவில்லை. அவள் மகளுக்குப் பிரசவ வலி என்று காவல்காரர் கேட்டருகே சொன்னார். மழைக்காரர் தனியாக மாடி ஏறினார். ஆறு மணிக்குக் கொடிக்கம்பம் நிழலாகவாவது தெரிந்தது. சூரியன் வந்து கொஞ்ச நேரம் கழித்து, ஏழு மணிக்கு, அதுவும் இல்லை. எதிரே சுவர் வைத்த மாதிரி வெள்ளை.

முடிந்தது, முழுசாகப் போய்விட்டது என்று நினைத்தார். அழக்கூட பயமாக இருந்தது. போன் அடித்தது. கீழ் அறையிலிருந்து ரேடியோக்காரம்மா பேசினார். தினமும் ஏழே காலுக்குப் பதினெட்டுப் பேரோடு வரும் சின்ன விமானத்துக்கு எண்ணைச் சொல்ல வேண்டியவர் அந்தம்மாதான். அவருடைய அறையில் ஜன்னலை மறைத்து இரும்பு அலமாரி நின்றது.

"அண்ணே, எவ்வளவு?"

"ஆறு," என்றார் மழைக்காரர்.

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். கன்னம் நனைந்திருந்தது. அழுகிறோம் போலிருக்கிறது என்று துடைத்துக்கொண்டார். புருவத்திலும் ஈரம் இருந்தது. சட்டைக் கையும் நனைந்திருந்தது. எழுந்திருக்க இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கண் கெட்டால் கைப்பிடி நனையாது.

வானத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. மெல்லிய மூடுபனியை நேர் மேலேயிருந்து பார்த்தால் ஓடுதளம் தெள்ளத் தெளிவாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். சரிந்து இறங்கும்போதுதான் பனி முழு நீளத்துக்கும் குறுக்கே வந்து கண்ணை மறைக்கும். விமானி மேலேயிருந்து பார்த்திருப்பார், ஆறு என்பதையும் கேட்டிருப்பார். மழைக்காரர் படிகளில் பாதியைக் காலாலும் மீதியை முழங்காலாலும் கடந்து ரேடியோ அறைக்குள் விழுந்தார்.

"இறங்க வேணாம்னு சொல்லுங்க மேடம். மேல போகச் சொல்லுங்க."

"ஆறுன்னீங்களே அண்ணே?"

"தப்பு. மூடுபனி. சொல்லுங்க முதல்ல."

ரேடியோக்காரம்மா பொத்தானை அழுத்திச் சொன்னார். சத்தம் நெருங்கி வந்தது. கூரை அதிர்ந்தது. மேஜையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. பிறகு சத்தம் மேலேறி மெல்லத் தேய்ந்தது. மழைக்காரர் தரையில் உட்கார்ந்து பேயறைந்தவர் போல அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோக்காரம்மா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அப்பா, என்ன பனி. கொடிக்கம்பமே தெரியல. நீங்க சொன்னப்புறம் திடீர்னு இறங்கியிருக்கு, அப்படித்தானே? சூரியன் வந்தப்புறம் கெட்டியாகும்னு நீங்களே சொல்லுவீங்களே. அப்படியே எழுதிடறேன். யாரு கேக்கப் போறாங்க?"

மழைக்காரர் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அதை விட மனசு வரவில்லை. நாளைக்கு அக்கா வந்துவிடுவாள் என்று யோசனை ஓடியது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் தள்ளிவிடலாம் என்றும் தோன்றியது.

ஒன்பது மணிக்கு விமானம் திரும்ப வருவதாகச் செய்தி வந்தது. இந்தத் தடவை ரேடியோக்காரம்மாவும் நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னாலேயே மாடி ஏறினார்.

"நல்ல வேளை, விலகிடுச்சு. சொல்லுங்கண்ணே, எழுதிக்கறேன்."

மழைக்காரர் சுவரோரம் போய் நின்றார். முகத்தில் வெயில் சுட்டது. கைப்பிடி காய்ந்திருந்தது. எதிரே வெள்ளை மட்டும் இருந்தது.

"உங்க கண்ணுக்கு எதுவரைக்கும் தெரியுது, பாக்கலாம்," என்றார், பழைய விளையாட்டுக் குரலில்.

"எனக்குக் குன்று வரைக்கும் தெரியுது. நான் சொல்லி என்ன? நீங்கதானே அண்ணே சொல்லணும்?"

தூரத்தில் என்ஜின் சத்தம் ஆரம்பித்தது. பதினெட்டுப் பேர் என்று அவர் நினைத்தார்.

"மேடம், எனக்கு இன்னும் விலகல."

அந்தம்மாள் குன்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்தார்.

"ஏழு மணியிலேருந்து எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு," என்றார் மழைக்காரர். "ஆறுன்னு சொன்னேனே, அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."