குண்டு என்று எழுதினேன்

வானிலிருந்து விழும் கற்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அவற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விழும்போது யாராவது பார்த்த கல் ஒரு வகை. எப்போதோ விழுந்து, பிற்பாடு யாரோ கண்டெடுத்த கல் இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் மதிப்பு. என்றைக்கு விழுந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியும். மழையும் உப்புக் காற்றும் அரிப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் கிடைத்த கல் இரண்டாவது வகையில் இருக்கிறது. அது முதல் வகையில் இருக்க வேண்டியது. விழுந்ததைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் பார்த்ததை இல்லாமல் ஆக்கியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். சென்னையில் படிக்கும்போது கல்லூரி நூலகத்தில் நம் நாட்டில் விழுந்த கற்களின் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. பாட நூல்களைவிட அதை அதிகம் படித்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்து ஊரின் பெயரை வைத்திருந்தார்கள். சில ஊர்களில் கல்லுக்கு மாலை போட்டுப் பூசை செய்திருந்தார்கள். சில ஊர்களில் உடைத்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போயிருந்தார்கள். பார்த்தவர்களைப் பற்றி, உழுதுகொண்டிருந்த ஒருவன், மாடு மேய்த்த ஒருத்தி என்று மட்டும் இருக்கும். கல்லை அனுப்பிவைத்த துரைக்குப் பெயர் இருக்கும். எங்கள் கடற்கரையில் விழுந்த கல் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு சம்பவம் உண்டு. வானத்திலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பாவில் படித்தவர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. குடியானவர்களின் உளறல் என்று தள்ளினார்கள். பிறகு பிரான்சில் ஒரு சிற்றூரில் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கில் கற்கள் விழுந்தன. அரசாங்கம் ஓர் இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போய், பார்த்தவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள். அதை அவர் அப்படியே எழுதினார், உலகம் நம்பியது. இதை நான் வகுப்பில் ஆண்டு தவறாமல் சொல்வேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும்.

அது 1942. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. எங்களுக்குக் கொழும்பு ஒரு தோணிப் பயண தூரம். அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆழ்வார்திருநகரிக்கும் நாசரேத்துக்கும் சனங்கள் வண்டி கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளியில் பாதி பெஞ்சு காலி. கடற்கரைச் சாலை ஓரமாகப் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து, பிற்பகலில், வெளிச்சமான வானத்தில் மூன்று வெடிச் சத்தம் கேட்டது. பீரங்கி போல. அபாயச் சங்கு ஊதினார்கள். ஓடிப்போய்க் குழியில் படுத்தவர்களில் நானும் ஒருவன். அரை மணி நேரம் முகத்தில் மண் ஒட்டக் கிடந்தோம். விமானம் எதுவும் வரவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சு. அங்கே ஒருவர் வந்தார். சங்கு குளிப்பவர், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர், நாற்பது வயதிருக்கும், அகன்ற மார்பு, உப்பில் சிவந்த கண்கள். வேம்பாரில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியவர். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் ஓட்டிய பஸ் வழியில் நின்றுபோனதால் உப்பளங்களின் வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறார். எல்லாரும் பயந்து கிடப்பதைப் பார்த்து, தைரியம் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ஜப்பான்காரனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு குண்டு விழுந்திச்சி, அவ்வளவுதான். நாந்தான் பாத்தேன். எடுத்துட்டுப் போயி வீட்டுல வச்சிருக்கேன். இதுக்குப் போயி வண்டி கட்டுதிய."

"ஏலே, குண்டக் கொண்டு போயி வீட்டுலயா வச்சிருக்க? பொண்டாட்டி மேல அம்புட்டுக் கோவமா?" என்றார் டீ ஆற்றிய அண்ணாச்சி. கடை சிரித்தது. ஆனால் இரண்டு பேர் சிரிக்காமல் எழுந்து போனதைப் பார்த்தேன்.

வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயம் குண்டு. தூண்டிலில் கட்டுவது குண்டு. தராசில் வைக்கும் இரும்பும் குண்டு. கடலுக்குள் கனத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பிழைத்த மனிதருக்கு, உருண்டையாகவும் பாரமாகவும் இருப்பதெல்லாம் குண்டுதான். அந்தச் சொல்லுக்குள் வெடிமருந்து வந்து சேர்ந்திருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொல்வது வெடிகுண்டை அல்ல, வானிலிருந்து விழுந்த கல்லை என்று எனக்கு உடனே புரிந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவரோடு நடந்தேன். அவர் மனைவி அதைக் கருவாட்டுப் பானையின் மூடி மேல் வைத்திருந்தார். பூனை தள்ளாத கனம் இதுதான் என்றார். உரித்த தேங்காய் அளவு. அடி பிடித்த சட்டி போல மேலெல்லாம் மெல்லிய கருப்புத் தோல். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போலப் பள்ளங்கள். ஒரு மூலை சிதைந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக உலோகம் மின்னியது. படத்தில் மட்டும் பார்த்திருந்ததைக் கையில் வாங்கி விளக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவரைக் கேட்டேன். அந்த விஞ்ஞானி கேட்டது போலவே கேட்டேன் என்று அப்போது பெருமைப்பட்டேன். திசை கேட்டால் காற்றின் பெயரைச் சொன்னார். கச்சான் பக்கமிருந்து வந்தது என்றார். அதை நான் மேற்கு என்று குறித்துக்கொண்டேன். முதலில் வானத்தில் சுண்ணாம்பு இழுத்தது போல ஒரு புகைக்கோடு, அப்புறம் மூன்று வெடி, அப்புறம் குளிப்பவன் கல்லோடு இறங்கும்போது தோணி விளிம்பில் கயிறு ஓடுமே, அது போல ஒரு சத்தம், அப்புறம் உப்புப் பாத்தியில் தண்ணீர் தெறித்தது. கடைசியில், எடுக்கும்போது எப்படிச் சுட்டது என்று கேட்டேன்.

"சுடல சார். சில்லுன்னுல்லா இருந்திச்சி."

அந்த ஒரு பதிலில் அவரை முழுதாக நம்பினேன். கதை கட்டுகிறவன் கை பொசுங்கியது என்றுதான் சொல்வான். வானத்துக் கல் எரிவது மேல்தோல் மட்டும், அதுவும் சில நொடி. உள்ளே அது எத்தனையோ காலத்துக் குளிரைக் கொண்டுவருகிறது. புத்தகத்தில் படித்தவனுக்குத்தான் அது தெரியும். இல்லையென்றால் தொட்டவனுக்குத் தெரியும்.

இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லிக் கல்லை வாங்கிப் போனேன். பள்ளிச் சோதனைக்கூடத்தில் நூலில் கட்டிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது சாய்ந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் முக்கி நிறுத்தேன். அதே அளவு தண்ணீரைப் போல மூன்றரை மடங்கு கனம். நம் ஊர்க் கல் எதுவும் மூன்றைத் தொடாது. அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். இப்படிப்பட்ட கல் சர்க்காருக்குச் சேர வேண்டியது என்பதும் எனக்குத் தெரியும். உள்ளூர் அதிகாரி கண்ணில் பட்டால் அவர் எடுத்து அனுப்புவார். பட்டியலில் அவர் பெயர் வரும். கல்கத்தாவில் பட்டியல் போடும் அலுவலகத்துக்கு முதலில் நானே எழுத வேண்டும். அதுவரை அலமாரியில், தராசுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கட்டும் என்று பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவரைப் பிடித்துப் போனார்கள். தூத்துக்குடியில் குண்டு விழுந்தது என்று வதந்தி பரப்பினார் என்று குற்றம். போர்க்காலத்தில் அது சின்னக் குற்றம் அல்ல. வீட்டைச் சோதித்திருக்கிறார்கள், குண்டும் இல்லை, கல்லும் இல்லை. துறைமுகப் பாதுகாப்புக்கு வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி விசாரித்தார். ஸ்டேஷன் ரைட்டர் குடும்பத்தை ஊரில் விடப் போயிருந்ததால், வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுத என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போகும் முன் அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என்னையும் சோதிப்பார்களோ என்ற பயம்.

அறைக்குள் நாங்கள் மூன்று பேர்தான். என்னைக் கண்டதும் சங்கு குளிப்பவரின் முகம் தெளிந்ததை இன்னும் பார்க்கிறேன்.

என்ன பார்த்தாய் என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மூணு வெடி கேட்டிச்சி. பெறகு குண்டு ஒண்ணு பாத்தியில விழுந்திச்சி. கல்லு சார். கல்லுக்குண்டு."

நான் கல்லை விட்டுவிட்டேன். குண்டை எழுதினேன். பாம் என்று எழுதினேன். கல் என்று எழுதியிருந்தால், கல் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் என் சட்டைப்பையில் சாவியாக இருந்தது.

அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒங்கள்ட்டதான சார் இருக்கு? சொல்லுங்க சார்."

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். தனக்காகப் பேசும்படி என்னைக் கேட்கிறார் என்று சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டும்படி அதிகாரி சொன்னார். ஆங்கிலத்தில் வாசித்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

மறுநாள் அவர் மனைவி பள்ளிக்கு வந்தார். அந்தக் கல்லைக் கொடுத்தால் ஸ்டேஷனில் காட்டுவேன் என்றார். பிடிக்க வந்தபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லையாம். படித்த மனிதரைப் போலீசில் இழுத்துவிடக் கூடாது, அவராகவே வந்து சொல்வார் என்றாராம். கல்லை அப்போதே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அலமாரி பத்தடி தூரம். அந்த அம்மாள் சரி சார் என்று போய்விட்டார்.

ஆறு வாரம் பாளையங்கோட்டைச் சிறை. அவர் வெளியே வந்தபோது அந்த ஆண்டின் சங்குக் குளிப்பு முடிந்திருந்தது. மிச்ச நாளெல்லாம் தோணியில் பாரம் சுமந்தார்.

சொன்ன பொய்யை மெய்யாக்க, அந்த வாரமே கல்லை ரயில் பார்சலில் கல்கத்தாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. மகிழ்ச்சியான கடிதம். இது விண்கல்தான் என்பதில் ஐயமில்லை. விழுந்ததைப் பார்த்தவர் யார், எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசை, என்ன சத்தம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த நாளில், அந்த இடத்தில், அதே மனிதர் கண்டது வெடிகுண்டு என்று என் கையெழுத்தில் ஒரு தாள் சர்க்காரிடமே இருந்தது. உப்பளத்தில் கிடந்தது, நான் கண்டெடுத்தேன், பார்த்தவர் எவரும் இல்லை என்று பதில் எழுதினேன்.

வெளியே வந்த சில நாளில் அவர் என்னைத் தேடி வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நாந்தான் பாத்தேன்னு எழுதுனியளா சார்?"

"எழுதினேன்" என்றேன்.

"அது போதும்" என்றார். என்னைவிட அந்த வெள்ளைக்காரன் மேல்தான் அவருக்கு வருத்தம். தமிழ் தெரியாதவனிடம் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார்.

அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் இருந்தார். ஊரில் அவருக்குக் குண்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஏலே குண்டு, இன்னைக்கு எங்க போடப் போற என்று கரையில் கேலி செய்வார்கள். "கல்கத்தாவுல போயிப் பாருலே, எம்பேரு எழுதிக் கெடக்கு" என்பார். ஒருமுறை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்த்துவிட்டார். சாரக் கேளு, சாரே சொல்லுவாரு என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அச்சான பட்டியலை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நடந்தது இது என்று அந்த அலுவலகத்துக்கு ஒளிக்காமல் எழுதினேன். பணிவான பதில் வந்தது. அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று ஏதாவது இருந்தால் அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்றார்கள். எங்காவது ஒரு பழைய காகிதக் கட்டுக்குள் மிஞ்சியிருந்தால், அப்படி ஒரு தாள் உண்டு. அதில் குண்டு என்றுதான் இருக்கிறது.

அவர் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். கேலிப் பெயர் அவர்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. கேட்கப் போக வேண்டும். இதைப் படித்துக்காட்டத்தான் போக வேண்டும். அடுப்பில் போட்ட பக்கத்தில் இருந்தது இது:

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு. வானம் தெளிவு. மேற்கிலிருந்து கடல் பக்கமாகப் புகைக்கோடு. மூன்று வெடி. கயிறு ஓடும் சத்தம். வேம்பார் சாலைக்குக் கிழக்கே உப்புப் பாத்தியில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி. கல் ஒன்று. எடுத்தபோது சில்லென்று இருந்தது. பார்த்தவர் ஒருவர், சங்கு குளிப்பவர். நம்பத்தக்கவர்.