மதகுச் சுவரில் சிவப்பு வளையல்

கல்வராயன் மலையில் இருக்கிற சின்னக் குடிதண்ணி அணைக்கு எப்படிப் போவது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் சுவர் மேல் நின்று போட்டோ போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது கார்த்திகை மாசம், ஒரு வியாழக்கிழமை. என் வூட்டுக்காரருக்குத் தெவசம் முடிஞ்ச மறுவாரம். அவர் அந்த அணையில் பதினோரு வருசம் வாட்ச்மேன். போன வருசம் ஐப்பசி மழையில் சுவரைப் பார்க்கப் போனவர், நடைபலகை உடைஞ்சு விழுந்து செத்துட்டார். பலகை உளுத்துப்போச்சு என்று அவரே மூணு தடவை எழுதிக் குடுத்திருந்தார். ஆனால் குடிச்சிட்டு விழுந்தார் என்று எழுதி முடிச்சிட்டாங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் யாரு செத்தாலும் அப்படி எழுதுவது சுலபம். கேக்கறவங்களும் தலையாட்டிடுவாங்க. அவர் குடிச்சது டீ மட்டும்தான், சக்கரை ஜாஸ்தியா.

கள்ளக்குறிச்சியில் காலை ஆறு மணிக்கு டவுன் பஸ் ஏறினேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரத்தில் கச்சிராயபாளையம். அங்கே டீயும் வடையும் இருபத்தஞ்சு ரூபாய். ஏழரைக்கு வெள்ளிமலை பஸ். வழியில் தெரிகிற கோமுகி அணையைப் பார்த்து இறங்கிடாதீங்க, அது பெரிய அணை, நாம போறது வேற. வளைவு ஜாஸ்தி, தலை சுத்தறவங்க முன் சீட்டில் உக்காருங்க. ஒன்பது மணிக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, முன்னூறு ரூபாய்.

"இன்னாக்கா, அருவிக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அணைக்கு."

"அங்க இன்னாக்கா கீது? ஒரு ஆளு குடிச்சிட்டு வுழுந்து செத்த எடம். எல்லாம் அருவிக்குத்தான் போய்க்கினு இருக்காங்க."

"அந்த ஆளு என் வூட்டுக்காரர்தான்."

அப்புறம் வண்டியை அணை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னூறில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அது அவர் பிழைப்பு, குத்தம் சொல்ல மாட்டேன்.

அணை பெருசு இல்லை. பனைமரத்தில் பாதி உசரம். முன்பக்கம் புதுசா வெள்ளையடிச்சு பளபளன்னு இருந்தது. கைப்பிடிக் கம்பி இன்னும் போடவில்லை. உடைஞ்ச பலகைக்குப் பதில் ரெண்டு சவுக்குக் கட்டையைப் போட்டு கயிறு கட்டியிருந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். மதகுக்கு இடதுபக்கம், மேலிருந்து கீழே ஓடுது. ஓரமெல்லாம் ஈரம், பாசி.

இங்கே ஒண்ணு சொல்லணும். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டிவைத்தால், சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். யாரோ ஒரு இஞ்சினீயர் என் வூட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுத்தது. கண்ணாடி யாரும் வாங்கிக் குடுக்கலை. அவர் என் பச்சை வளையலை உடைச்சு அஞ்சு இடத்தில் ஒட்டினார். "உன் வளையலுதான்டி மலைக்கே காவலு" என்று கிண்டல் பண்ணுவார். அவர் போன பிறகு புது வாட்ச்மேன் சின்னசாமிக்கு, அவர் மலைக்காரர், நான் மாசாமாசம் போன் பண்ணுவேன். "வளையலு நல்லா இருக்குதாப்பா?" "நல்லா இருக்குதுக்கா." அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம். ஏன்னா என் மவளைக் கட்டிக்குடுத்த ஊரு, அணைத் தண்ணி இறங்கற ஓடைக்குக் கீழேதான் இருக்கு. ரெண்டு சின்னக் குழந்தைங்க.

அன்னைக்குப் போய்ப் பார்த்தால் அஞ்சு துண்டும் முழுசாத்தான் இருந்தது. ஆனால் ஒண்ணுகூட பச்சை இல்லை. எல்லாம் சிவப்பு.

"இது இன்னா சின்னசாமி? என் வளையலு பச்சையாச்சே."

"அது ஒடைஞ்சி போச்சுக்கா. ஆத்தாளுக்குப் போட்ட வளையலு ஒடைஞ்சி கெடந்தா நல்லாவா இருக்கும்? சந்தையில வாங்கியாந்து நானே ஒட்டினேன்."

"எத்தினி தடவ?"

விரலை விட்டு எண்ணினார். "நாலு தடவக்கா. ஒரு தடவைக்கும் நான் காசு கேக்கல பாரு."

மதகுக்குப் பக்கத்தில் பொம்பளைங்க ஆத்தாளுக்குப் பொங்கல் வைச்சு வளையல் போடுவது வழக்கம். இதையும் அந்த மாதிரின்னு நினைச்சிட்டார். நானும் எதுக்குன்னு ஒருநாளும் சொல்லலை. உடைஞ்ச துண்டுகளை, சாமியோடது ஆச்சேன்னு ஒரு டப்பாவில் பத்திரமா வைச்சிருந்தார். ஒரு வருசத்தில் நாலு தடவை சுவர் நகர்ந்திருக்கு. நடுவில் பரிசோதனைக்கு வந்தவர் முழு வளையலைப் பார்த்து, நகரவில்லை, நல்லா இருக்குன்னு எழுதிக்கினு போயிட்டாராம்.

சின்னசாமியைத் திட்ட வாய் வரவில்லை. வளையல் எதுக்குன்னு விசயத்தைச் சொன்னதும் அந்த டப்பாவை எடுத்தாந்து என் கையில் குடுத்தார்.

மறுநாள் அந்த டப்பாவோட, அணையைப் பார்த்துக்கற ஆபீசுக்குப் போனேன். பதினொண்ணரை வரைக்கும் வெளியே நிக்க வைச்சாங்க. "வளையல் துண்டை எடுத்துக்கினு வந்திருக்கியேம்மா, கண்ணாடி உடையலைன்னு ரிப்போர்ட்டில் தெளிவா இருக்குது" என்றார் உள்ளே இருந்தவர். என் புருசன் ஒட்டின வளையல் பேராலேயே என் வாயை அடைச்சிட்டாங்க. மனு வாங்கி மேலே ஒரு முத்திரை குத்தினாங்க, அவ்வளவுதான். மவளை மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு வந்துடுன்னு கூப்பிட்டேன். "நாங்க வந்துடுவோம்மா, ஊரை எங்க கொண்டாறது?" என்று கேட்டாள்.

கருமாதி அன்னைக்கு என் கையில் இருந்த வளையலை உடைச்சாங்க. பெட்டியில் ஒரு டஜன் பச்சை இருந்தது யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை திரும்பப் போய் நானும் சின்னசாமியும் அதை ஒட்டினோம். இனிமே மாத்த மாட்டேன்னு சொல்லியிருக்கார்.

போறவங்களுக்கு: தை, மாசி நல்ல மாசம். மழை நாளில் வேண்டாம். திரும்ப வெள்ளிமலையிலிருந்து கடைசி பஸ் சாயங்காலம் அஞ்சேகால், தண்ணியும் சாப்பாடும் கையில் எடுத்துக்கங்க. சுவர் மேலே ஏறாதீங்க. மதகுக்கு இடதுபக்கம் இறங்கிப் பாருங்க, அஞ்சு பச்சைத் துண்டு இருக்கும். முழுசா இருந்தால் போட்டோ எடுத்துக்கினு போங்க. ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் ஓடைப்பக்கமா ரெண்டு கிலோமீட்டர் கீழே இறங்குங்க. முதல் தெருவில் நீலக் கதவு போட்டது என் மவள் வூடு. அங்கே சொல்லிட்டு அப்புறம் அருவிக்குப் போங்க.